நாலு விளக்கும் ஒரு பட்டணமும்

சென்னைப் பட்டணத்தில் சுற்றிப் பார்க்கத் தகுந்த இடங்கள் யாவை என்று சென்னைவாசி ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். சற்று யோசித்துவிட்டு, "மகாபலிபுரம்" என்பார். அது பட்டணத்தைவிட்டு வெகு தூரத்தில் அல்லவா இருக்கிறது என்று நினைவூட்டினால், "அப்படியானால் காஞ்சீபுரம்" என்பார். அது இன்னும் தூரம். மேலும் வற்புறுத்தினால், "கடற்கரை இருக்கவே இருக்கிறது" என்று சொல்லிவிட்டு, அவசர காரியம் ஒன்று ஞாபகம் வந்தவராய் நழுவிவிடுவார்.

இதற்காகச் சென்னைவாசியைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. ஊர் என்பது அவருக்குப் பார்க்கும் பொருள் அன்று; பிழைக்கும் இடம். உயர்நீதிமன்றத்துக்கு வழக்கு உள்ளவன் போகிறான். கோட்டைக்கு மனு உள்ளவன் போகிறான். வேலை ஒன்றுமில்லாமல் ஒரு கட்டிடத்தின் முன்னால் போய் நிற்பதென்றால், நாளைக்கு இது நமக்கு இராது என்ற எண்ணம் கொஞ்சமாவது இருக்க வேண்டும். டில்லியிலிருந்து இரண்டு நாளைக்கென்று வருகிறவருக்கு அந்த எண்ணம் ரயிலைவிட்டு இறங்கும்போதே உண்டாகிவிடுகிறது. உள்ளூர்க்காரருக்கு அது உண்டாவதற்கு ஏதாவது நேர்ந்தாக வேண்டும்.

எங்கள் வீட்டில் அது ஓர் ஆடி மாதத்தில் நேர்ந்தது. என் தாயாருக்குச் சில காலமாகவே நடையில் ஒரு தடுமாற்றம். வாசற்படியில் இடறிக்கொள்வாள், பக்கத்தில் வைத்த காப்பித் தம்ளரைக் கையால் தட்டிவிடுவாள். வயதாகிவிட்டது என்று அவள் சொன்னாள். கண் வைத்தியர் பரிசோதித்துவிட்டு, கண்ணுக்குள் அழுத்தம் அதிகமாகி நரம்பு பழுதுபட்டிருக்கிறது என்றார். இந்த வியாதியில் நேரே பார்க்கும் பார்வை கடைசி வரையில் ஓரளவு நன்றாகவே இருக்கும். ஓரப் பார்வைதான் முதலில் போகும். சுவர்களை மெல்ல மெல்ல நெருக்கிக்கொண்டு வருவதைப் போல, நாலு புறமும் இருள் சூழ்ந்து நடுவில் ஒரு வட்டம் மட்டும் மிஞ்சும். போனது திரும்பாது, மிச்சமிருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றிக்கொள்ளலாம், எத்தனை நாளைக்கு என்று சொல்வதற்கில்லை என்பது அவருடைய அபிப்பிராயம்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அம்மா ஆட்டோவில் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். வாலாஜா சாலை திரும்பும்போது, "காசி பார்த்தாயிற்று, ராமேசுவரம் பார்த்தாயிற்று. இந்த ஊரைத்தான் நான் பார்க்கவில்லை" என்றாள்.

அம்மா சீர்காழிப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள். 1968-ல் கலியாணமாகித் திருவல்லிக்கேணிக்கு வந்தாள். அன்றுமுதல் அவளுடைய சென்னைப் பட்டணத்தின் எல்லைகளை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன். கிழக்கே கடற்கரை, மேற்கே ஜாம்பஜார் மார்க்கெட், நடுவில் பார்த்தசாரதி சுவாமி கோயில், ரேஷன் கடை, நான் படித்த பள்ளிக்கூடம். பிரசவத்துக்கு ஒரு தடவை, அப்பாவின் கடைசி நாட்களில் ஒரு மாதம், ஆஸ்பத்திரி. ஐம்பது வருஷத்துக்கு மேல் ஓர் அம்மாள் ஒரு மாநகரத்தில் இப்படி வாழ்ந்துவிட முடியும்; நம் வீடுகளில் அநேகம் பேர் அப்படித்தான் வாழ்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரைச் சுற்றிப் பார்ப்பது என்ற தீர்மானம் அன்றிரவே நிறைவேறியது. எதிர்த்து வாக்களித்தவள் கோயமுத்தூரில் இருக்கும் என் அக்கா ஒருத்திதான். "கண் தெரியாதவளை வெயிலில் அலைக்கழிக்கப் போகிறாயா? இங்கே கொண்டுவந்து விட்டுவிடு. தனி அறை, சமதரை, படி கிடையாது. நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று தொலைபேசியில் கண்டித்தாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எங்கள் வீடு பழைய காலத்து வீடு. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு படி, முற்றத்துக்கு இரண்டு படி. அம்மா அவற்றையெல்லாம் கால்களால் மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். கொல்லைக் கதவுக்குப் பதினான்கு தப்படி என்று எண்ணி நடப்பாள்.

எங்கே தொடங்குவது என்பதை என் பெண் நிச்சயம் செய்தாள். சென்னைக்கு நாலு கலங்கரை விளக்கங்கள் உண்டு. ஒன்றன்பின் ஒன்றாக வேலை பார்த்தவை. இடமாவது கட்டிடமாவது நாலும் இன்னும் இருக்கின்றன. அவற்றை வரிசையாகப் பார்த்துவிட்டால் ஊரின் கதை பாதி தெரிந்துவிடும் என்று அவள் பாட்டியிடம் சொன்னாள். பாட்டிக்கு நாலு என்ற கணக்குப் பிடித்திருந்தது. முடிவு தெரிந்த காரியங்களில்தான் அவளுக்கு நம்பிக்கை.

ஆகவே முதலில் கோட்டை. 1639-ல் பிரான்ஸிஸ் டே என்ற கம்பெனி உத்தியோகஸ்தர் தாமர்ல வேங்கடாத்திரி நாயக்கரிடமிருந்து ஒரு மணல் திட்டுக்கு உரிமை பெற்றுக்கொண்டதும், அதன்மேல் எழுந்த செயின்ட் ஜார்ஜ் கோட்டையைச் சுற்றிப் பட்டணம் வளர்ந்ததும் பள்ளிப் பிள்ளைகள் அறிந்த சரித்திரம். சட்டசபையும் தலைமைச் செயலகமும் கோட்டைக்குள் இருப்பதால் வாயிலில் பைகளைச் சோதனை போடுகிறார்கள். அம்மாவின் பையில் எலுமிச்சஞ்சாதம், தண்ணீர், விபூதிப் பொட்டலம், மூன்று வகைச் சொட்டு மருந்து. போலீஸ்காரர் மருந்துப் புட்டியைக் கையில் எடுத்து, இது என்ன என்றார். அம்மா தன் கண்ணின் வரலாற்றை ஆதியோடந்தமாகச் சொல்லத் தொடங்கினாள். பின்னால் ஒரு கூட்டம் காத்திருந்தது. அவரோ பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்க அம்மாவும் இதே மருந்துதாம்மா போடறாங்க. ராத்திரி மருந்தை மட்டும் மறந்துடாதீங்க" என்று சொல்லி, சற்று உட்கார்ந்து போகும்படி தம்முடைய நாற்காலியையும் கொடுத்தார்.

கோட்டைக்குள் தொல்பொருள் துறையாரின் பொருட்காட்சிசாலை இருக்கும் கட்டிடம் 1795-ல் முடிக்கப்பட்டது. வெள்ளைக்கார வர்த்தகர்கள் கூடிப் பேரம் பேசுவதற்காகக் கட்டியது. அதன் கூரையின் மேல்தான் 1796-ல் சென்னையின் முதல் கலங்கரை விளக்கத்தை ஏற்றினார்கள். எரிந்தது தேங்காயெண்ணெய். என் பெண் இதைச் சொன்னதும் அம்மா அண்ணாந்து பார்த்தாள். விளக்கு இப்போது இல்லை. மொட்டை மாடிதான் இருக்கிறது. ஆனாலும் அவள் பார்வையை எடுக்கவில்லை. "ஒரு ராத்திரிக்கு எத்தனை படி எண்ணெய் ஆகியிருக்கும்?" என்று கேட்டாள். கார்த்திகைத் தீபத்துக்கு எண்ணெய்க் கணக்குப் பார்க்கிறவளுக்குத் தோன்றக்கூடிய கேள்விதான். சரித்திர ஆசிரியர்கள் யாரும் இதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

உள்ளே மாடிப்படியின் அடியில் காரன்வாலிஸ் பிரபு கல்லாய் நிற்கிறார். லண்டனில் தாமஸ் பாங்க்ஸ் என்ற சிற்பி செதுக்கிக் கப்பலில் வந்த சிலை. பெரிய துரை, கம்பீரமான முகம். அம்மா அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. பார்வையின் வட்டம் சிறுத்தவர்களுக்கு எது நேரே படுகிறதோ அதுதான் உலகம். அவளுக்கு நேரே பட்டது பீடத்தில் செதுக்கியிருந்த சிற்பம். 1792-ல் சீரங்கப்பட்டணத்துப் போர் முடிந்தபோது, திப்பு சுல்தான் தன் குமாரர் இருவரைப் பிணையாக ஒப்புவித்த காட்சி அது. யுத்தச் செலவுக்கென்று கேட்ட பெருந்தொகை முழுவதும் செலுத்தித் தீரும் வரையில் அந்தச் சிறுவர்கள் கம்பெனியார் வசம் இருக்க வேண்டும் என்பது உடன்படிக்கை. அவர்களைச் சென்னைக்குத்தான் கொண்டுவந்து வைத்திருந்தார்கள்.

"பிள்ளைகளை அடகு பிடித்தானா?" என்றாள் அம்மா.

"ஆமாம்."

"அதைப் பெருமையென்று காலடியிலேயே செதுக்கியும் வைத்தானா?"

நான் ஏதும் சொல்லவில்லை. அந்தச் சிலையைப் பற்றி நான் படித்த புத்தகங்களில் சிற்பியின் திறமையைப் பற்றிப் பாராட்டுரைகள் உண்டு. அம்மாவின் விமரிசனம் அவற்றைவிடச் சுருக்கமானது. சரியானது என்பதும் என் அபிப்பிராயம்.

அதே பொருட்காட்சிசாலையில் ஓர் அறையில், கண்ணாடிப் பேழைக்குள், ஒரு கொடி இருக்கிறது. 1947-ம் வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி விடியற்காலையில் இந்தக் கோட்டையின் கம்பத்தில் ஏறிய மூவர்ணப் பட்டுக்கொடி அதுதான். வெகுகாலம் பாதுகாப்பில் வைத்திருந்து, 2013-ல் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார்கள். நிறம் மங்கியிருக்கிறது, அறையின் வெளிச்சமும் கொடியின் நலத்தை முன்னிட்டுக் குறைவுதான். அம்மா முதலில் ஒரு மூலையைத்தான் பார்த்தாள். பெரிய கொடி, அவளுடைய வட்டத்துக்குள் முழுவதும் அடங்கவில்லை. காவியிலிருந்து வெள்ளைக்கும், வெள்ளையிலிருந்து சக்கரத்துக்கும், சக்கரத்திலிருந்து பச்சைக்குமாக, ஏட்டுச் சுவடியை வரிவரியாக வாசிப்பதுபோல முகத்தை நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். கால் மணி நேரம் ஆகியிருக்கும். வேறு குடும்பங்கள் வந்தன, ஒரு நிமிஷம் நின்றன, போயின. இரண்டு கண்ணும் நன்றாக உள்ள நாங்களும் முதல் நிமிஷத்திலேயே பார்த்து முடித்திருந்தோம்.

அம்மாவும் 1947-ல் பிறந்தவள். "என் வயசு இதற்கு" என்றாள். சிறிது நேரம் கழித்து, "என்னைவிட நன்றாக வைத்துக்கொண்டிருக்கிறார்கள்" என்றாள். என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பொருட்காட்சிசாலைக்குச் சிறிது தூரத்தில் செயின்ட் மேரி மாதா கோயில். 1680-ல் பிரதிஷ்டை ஆனது. குண்டு விழுந்தாலும் தாங்கும்படி கூரையைக் கனமான செங்கல் வளைவாகக் கட்டியிருக்கிறார்கள். ராபர்ட் கிளைவ் 1753-ல் விவாகம் செய்துகொண்டது இங்கேதான். அமெரிக்காவில் யேல் சர்வகலாசாலைக்குப் பெயர் கொடுத்த எலிஹு யேல் என்பவரும் இங்கே விவாகம் செய்துகொண்டவர். சென்னைக் கவர்னராக இருந்து பெரும் பொருள் திரட்டியவர். அந்தப் பணத்தைத் திரட்டிய விதம் பற்றி அக்காலத்திலேயே கேள்விகள் எழுந்தன. பெயர் என்னவோ நிலைத்துவிட்டது. கோயிலின் வெளிமுற்றத்தில் கல்லறைக் கற்களைத் தரையிலே பாவியிருக்கிறார்கள். அம்மா குனிந்து ஒரு கல்லின் எழுத்துக்களை விரலால் தடவினாள். ஆழமாக வெட்டிய எழுத்துக்கள். மழையும் வெயிலும் முந்நூறு வருஷமாகத் தேய்த்தும் தேயவில்லை. "இது தமிழ் இல்லை" என்றாள். லத்தீன் என்றேன். "கையாலேயே தெரிகிறது. நம் எழுத்தென்றால் வளைந்து வளைந்து போகும்" என்றாள். கண்ணுக்குப் பதில் கையைப் பழக்கிக்கொள்ள அவள் எப்போதோ ஆரம்பித்துவிட்டாள் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

இரண்டாவது விளக்கும் மூன்றாவது விளக்கும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. ஆகவே ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இரண்டையும் முடித்துவிட்டோம். இரண்டாவது, பல்லாவரத்துக் கருங்கல்லால் ஆன தனித் தூண். நூறடிக்கு மேல் உயரம். கிரேக்கக் கோயில் தூண் ஒன்றைப் பிடுங்கிவந்து தனியே நட்டதுபோல் இருக்கும். 1844-ல் இதில் விளக்கு ஏற்றினார்கள். பிறகு பக்கத்திலேயே உயர்நீதிமன்றம் எழுந்தது. 1892-ல் திறப்பு விழா; நம்பெருமாள் செட்டியார் கட்டிக் கொடுத்த கட்டிடம். இத்தனை உயரமான கோபுரம் பக்கத்தில் இருக்கும்போது கல்தூண் எதற்கு என்று, 1894-ல் விளக்கை நீதிமன்றத்தின் பெரிய கோபுரத்தின் உச்சிக்கு மாற்றிவிட்டார்கள். அதற்குப் பின் எண்பது ஆண்டுகளுக்கு மேல், கீழே சட்டமும் மேலே வெளிச்சமுமாக அந்தக் கட்டிடம் இரண்டு உத்தியோகம் பார்த்தது.

சாலை ஓரத்திலிருந்தே பார்த்தோம். அம்மாவுக்குக் கல்தூண் உடனே அகப்பட்டுவிட்டது. நீதிமன்றக் கோபுரம்தான் சிரமப்படுத்தியது. சிவப்புச் செங்கல் கட்டிடத்தில் சின்னதும் பெரியதுமாகக் கலசங்களும் கும்மட்டங்களும் அநேகம். அவற்றில் எது என்று அவளுக்குப் புரியவில்லை. என் பெண் பின்னால் நின்று, பாட்டியின் கன்னங்களை இரண்டு கையாலும் பிடித்து, ரேடியோப் பெட்டியில் ஸ்டேஷன் திருப்புவதைப்போல மெதுவாகத் திருப்பினாள். "இன்னும் மேலே... இன்னும்... நில்லு பாட்டி!" "ஆ! அகப்பட்டது!" தெருவில் போனவர்கள் எங்களை வேடிக்கை பார்த்தார்கள். உள்ளூர்க்காரன் உள்ளூரைப் பார்த்தால் அது மற்றவர்களுக்கு ஒரு காட்சியாகிவிடுகிறது.

1914-ம் வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி இரவு, எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைக்கு எதிரே வந்து நின்று குண்டு மாரி பொழிந்தது இந்தப் பக்கத்தில்தான். துறைமுகத்தை அடுத்திருந்த எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. ஒரு குண்டு விழுந்த இடத்தைக் குறிக்கும் கல்வெட்டு நீதிமன்றத்தின் கிழக்கு மதிலில் இருக்கிறது. அடுத்த சில நாட்களில் பட்டணமே பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு உள்நாட்டுக்கு ஓடியது. கப்பல் மறுபடியும் வரவில்லை. அவ்வருஷம் நவம்பரிலேயே அதன் கதை முடிந்தது. ஆனால் அதன் பெயர் தமிழில் தங்கிவிட்டது. நான் இதைச் சொல்லிக்கொண்டு வரும்போதே அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"உன் தாத்தாவை உன் பாட்டி 'எம்டன், எம்டன்' என்பாள். மாமனார் ஆயிற்றே, ஏதோ கூடாத வசவு போலிருக்கிறதென்று நான் யாரிடமும் அர்த்தம் கேட்டதில்லை. கப்பலா அது!"

சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நாங்கள் கேட்கவில்லை.

விளக்குகளின் வரிசையை நடுவில் நிறுத்திவிட்டு எழும்பூர் பொருட்காட்சிசாலைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். வெள்ளிக்கிழமை அதற்கு விடுமுறை. கோட்டைப் பொருட்காட்சிசாலைக்கும் அப்படியே. பழைய சென்னை ஜனங்கள் இதைச் 'செத்த காலேஜ்' என்பார்கள். மூர் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் இருந்த மிருகக் காட்சிசாலை 'உயிர் காலேஜ்'. காணும் பொங்கலன்று வண்டி கட்டிக்கொண்டு வருகிற குடும்பங்கள் இரண்டு காலேஜிலும் ஒரே நாளில் தேறிவிட்டுப் போவார்கள். உயிர் காலேஜ் 1985-ல் வண்டலூருக்குப் போய்விட்டது. மூர் மார்க்கெட் அதே வருஷம் தீக்கு இரையாயிற்று. செத்த காலேஜ் மட்டும் 1851-லிருந்து சிரஞ்சீவியாக இருக்கிறது. அம்மா 1969 காணும் பொங்கலுக்கு இங்கே வந்திருக்கிறாள். திமிங்கலத்தின் எலும்புக்கூடு மட்டுமே அவளுக்கு ஞாபகம் இருந்தது.

அமராவதிச் சலவைக்கற்களைப் பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம். அங்கிருந்து பெயர்த்ததில் ஒரு பங்கு இங்கே, ஒரு பங்கு லண்டனில் என்பதையும் அதில் எழுத வேண்டியிருக்கும். அன்று எங்களுக்கு நேரமெல்லாம் வெண்கலச் சிலைகளின் கூடத்திலேயே கழிந்தது. அங்கே அர்த்தநாரீசுவர மூர்த்தம் ஒன்று இருக்கிறது. பதினோராம் நூற்றாண்டுச் சோழர் வார்ப்பு. ஒரு பாதி ஆணும் ஒரு பாதி பெண்ணுமாய் நிற்கும் அந்தத் திருமேனியில் இரண்டும் எந்த இடத்தில் சந்திக்கின்றன என்று கண்டுபிடிக்க முடியாது. அம்மா பெயர்ப் பலகைக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோய், எழுத்துக் கூட்டிப் படித்தாள். "திருவெண்காடு."

நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள். "எங்கள் ஊர்ச் சாமியடா இது! நான் சிறு பெண்ணாக இருக்கும்போது, திருவெண்காட்டில் மண்ணுக்குள்ளிருந்து சாமி எடுத்தார்கள் என்று சொல்லிக்கொள்வார்கள். அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார். நாற்று நடுகிற சமயம்; போக முடியவில்லை. பிறகு போனால் சாமி இல்லை, எங்கேயோ கொண்டுபோய்விட்டார்கள் என்றார்கள்."

அவள் தவறவிட்டது இந்த மூர்த்தம்தானா, வேறொன்றா என்று யாரால் சொல்ல முடியும்? அந்த ஊரில் பல தெய்வத் திருமேனிகள் வெளிப்பட்டன. சில தஞ்சாவூரிலும் இருக்கின்றன. அம்மாவுக்கு அந்த ஆராய்ச்சி தேவைப்படவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நின்று கும்பிட்டாள். காவலர் பார்த்தார், பேசாமல் இருந்துவிட்டார். வெளியே வந்ததும் அவள் கேட்டது: "இத்தனை வருஷமாக நான் திருவல்லிக்கேணியில் இருக்கிறேன், இது எழும்பூரில் இருக்கிறது. பஸ்ஸில் எவ்வளவு நேரம்?" அரை மணி என்றேன்.

இப்படியே ஐப்பசி மழை பிடிக்கும்வரையில் நடந்தது. துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் பாரதியார் வாழ்ந்த இல்லம் எங்களுக்கு நடை தூரம். 1921 செப்டம்பரில் அவர் மறைந்ததும் அந்த வீட்டில்தான். அங்கே அம்மாவை அழைத்துப்போகவே வேண்டியிருக்கவில்லை. கோயிலுக்குப் போகும் வழியில் அவளாகவே எண்ணி வைத்திருந்த தப்படிகளில் அதுவும் ஒன்று. கடற்கரைச் சாலையில் ஐஸ் ஹவுஸ் என்று நாங்கள் சொல்லும் விவேகானந்தர் இல்லத்தையும் பார்த்தோம். அமெரிக்காவில் குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளிலிருந்து பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் புதைத்துக் கப்பலேற்றி, இந்த வெயிலூரில் விற்பதற்காக 1842-ல் டியூடர் என்ற வர்த்தகர் கட்டிய கிடங்கு அது. இங்கேயே இயந்திரத்தில் பனிக்கட்டி செய்யக் கற்றுக்கொண்டதும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. 1897-ல் மேனாட்டிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கி இருந்ததனால், பனிக்கட்டி கரைந்த பிறகும் வீடு நிலைத்தது.

நிற்க. நாலாவது விளக்கு பாக்கி. மெரினாவின் தென்கோடியில், சிவப்பும் வெள்ளையுமாக நிற்கிறதே, அதுதான். 1977-ல் வேலை தொடங்கியது. பல்லாண்டுகள் பொதுமக்களை உள்ளே விடாமலிருந்து 2013-ல் மறுபடி திறந்தார்கள். மேலே ஏறுவதற்கு மின்தூக்கி உண்டு. கலங்கரை விளக்கத்தில் மின்தூக்கி என்பது உலகத்திலேயே அபூர்வம். அம்மாவின் முழங்கால்களை முன்னிட்டுத்தான் இதைக் கடைசியாக வைத்தோமோ என்னவோ, வேறு எந்த இடத்துக்கும் அவள் இவ்வளவு ஆவலோடு புறப்படவில்லை.

மேலே காற்று புடைவைத் தலைப்பைப் பிடுங்கியது. நான் ஒரு பக்கமும் என் பெண் ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டோம். கீழே நொச்சிக்குப்பத்துப் படகுகள். தெற்கே சாந்தோம் மாதா கோயிலின் வெள்ளை ஊசிக் கோபுரம். மேற்கே கபாலீசுவரர் கோபுரம். வடக்கே மணலும் கடலும் சர்வகலாசாலைக் கட்டிடங்களும், அதற்கப்பால் துறைமுகத்துப் பாரந்தூக்கிகளும். நான் வழக்கம்போல் ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினேன். அம்மா கையமர்த்தினாள்.

"நீ சொல்ல வேண்டாம். எனக்கு எல்லாம் தெரிகிறது. கிட்டே போனால்தான் ஒரு மூலை தெரிந்தால் ஒரு மூலை தெரிவதில்லை. இங்கிருந்து பார்த்தால் ஊர் சின்னதாகிவிடுகிறது; என் கண்ணுக்குள் அடங்கிவிடுகிறது."

வைத்தியர் இதைக் கேட்டால் ஆம் என்றுதான் சொல்வார். வட்டம் குறுகியதாயினும் தூரப் பொருள்கள் அதற்குள் நிறையக் கொள்ளும். வடக்கே பார்த்தபடி அவள் வெகு நேரம் நின்றாள். வரிசையாய்க் கடற்கரைச் சாலை. அதன் ஓரமாய் மரங்கள். மரங்களுக்குப் பின்னால் எங்கள் திருவல்லிக்கேணியின் மாடிகள் ஒன்றோடொன்று நெருங்கிக் கிடந்தன. எது எங்கள் வீடு என்று என்னால் சொல்ல முடியவில்லை. அம்மா விரலை நீட்டி ஓர் இடத்தைக் காட்டினாள். அது சரியாகவும் இருக்கலாம்.

அன்றிரவு அக்கா தொலைபேசியில் பேசினாள். கோயமுத்தூர் அறை தயாராகிவிட்டதாகவும், குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி போட்டிருப்பதாகவும் சொன்னாள். அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "தை பிறக்கட்டும், வருகிறேன். வந்து இரண்டு மாதம் இருக்கிறேன். அந்த ஊரிலும் பார்க்கிறதற்கு என்னென்ன இருக்கிறதென்று நீ இப்போதே விசாரித்து வை" என்றாள். அக்கா இருபது வருஷமாகக் கோயமுத்தூர்வாசி. சிறிது நேரம் யோசித்துவிட்டு, "ஊட்டி இருக்கிறதம்மா" என்றாளாம்.

தை பிறப்பதற்கு இன்னும் சில ஞாயிற்றுக்கிழமைகள் இருந்தன. அடுத்தது பரங்கிமலை என்று என் பெண் பெரிய எழுத்தில் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். 1802-ல் லாம்டன் என்பவர் இந்தியா முழுவதையும் அளப்பதற்கு முதல் கோட்டை அந்த மலையருகில்தான் தரையில் அளந்து வைத்தார் என்று அவள் சொல்ல, அம்மா வேறு விஷயத்துக்குப் போய்விட்டாள்.

"படி எத்தனை?"

நூற்றுக்கு மேல் என்றேன்.

"வண்டி போகிற வழி உண்டா?"

உண்டு என்றேன்.

"அப்படியானால் ஏறும்போது வண்டி. இறங்கும்போது படி. எண்ணிக்கொண்டே இறங்கிவிடுவேன். காலை மருந்தை ஏழு மணிக்கே போட்டுவிடு. வெயிலுக்கு முன் புறப்பட வேண்டும்."